காப்புக் கட்டாத வருஷம்

சாவியைப் பல்லில் கவ்வியபடி வாய்க்கால் மேட்டில் ஸ்கூட்டரை விரட்டினாள் சண்முகப்பிரியா.

கையில் வைத்தால் நழுவும். சுடிதாருக்கு எந்தத் தையல்காரர் பை வைத்துத் தைக்கிறார்? விரல் நீள இரும்புச் சாவி. துருவும் திருநீறும் கலந்து நாக்கில் கரித்தது. துப்பத் தோன்றியது. துப்பவில்லை. இந்த ஒரு சாவிக்காகக் கோயில் பெரியவர் சின்னண்ணன் வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் மன்றாடியிருக்கிறாள்.

மணி பன்னிரண்டு ஐம்பது. இரண்டரைக்குள் அடுத்த சாவியும் வேண்டும்.

இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் கோயில் பெட்டி திறக்கும். பெட்டிக்குள் ஒரு காகிதம். அது கைக்கு வந்தால் ஜெயபிரகாஷ் ஒழிந்தான்.

அவனை ஒழிக்க அவள் எட்டு வருஷமாகக் காத்திருக்கிறாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அண்ணன் இளவழகன் நாமக்கல்லில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். அப்பாவுக்கு எருமப்பட்டியில் முட்டை மொத்த வியாபாரம். எந்த ஊர்க் கடையில் எந்த நாளில் எத்தனை முட்டை போகும் என்று அப்பா மனதிலேயே வைத்திருந்த கணக்கை, இளவழகன் இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு மென்பொருளாக எழுதினான். அறுபது பண்ணைகள் வாங்கின. போன வண்டி விற்காத முட்டையோடு வெயிலில் திரும்பி வருவது நின்றது.

அப்புறம் ஒரு நாள் பதிவுத் தபாலில் நோட்டீஸ். ‘ஹெனோவா’ என்ற ஐரோப்பியக் கம்பெனி அனுப்பியது. இந்தக் கணக்கு முறை எங்கள் காப்புரிமை. கண்டுபிடித்தவர் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் திரு. ஜெயபிரகாஷ், உடனே நிறுத்தாவிட்டால் வழக்கு. நோட்டீஸ் சட்டப்படி செல்லுமா, செல்லாதா என்று பார்க்க யாருக்குத் தெம்பு? அறுபது பண்ணைக்கும் நகல் போனது. ஒரே மாதத்தில் அறுபதும் விலகின. கடையில் கூட வேலை பார்த்த மோகன்குமார்தான் திருடி விற்றிருக்க வேண்டும் என்று இளவழகன் முடிவு கட்டினான். ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே இருந்த சிநேகிதனைச் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளினான். மோகன்குமார் திருப்பூருக்குப் போனவன் திரும்பவில்லை. கடை மூடியது. இளவழகன் ஒரு டாடா ஏஸ் வாங்கி, தான் கணக்கு எழுதிக் கொடுத்த அதே பண்ணைகளிலிருந்து முட்டை ஏற்றுகிறான்.

சண்முகப்பிரியா நாமக்கல் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சர். அந்த நோட்டீஸை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். சேலைக்குக் கை நீட்டும்போதெல்லாம் கண்ணில் பட வேண்டும். சேலம் போனால் ஃபேர்லேண்ட்ஸில் இறங்குவாள். ஜெயபிரகாஷ் கட்டிய மூன்று மாடி வீட்டுக்கு எதிரில் ஐந்து நிமிடம் நிற்பாள். கோபம் ஆறிவிடக்கூடாது அல்லவா?

சென்ற வருஷம் பெல்ஜியத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஹெனோவாவின் நோட்டீஸ் வாங்கியவர்களைத் தேடிப் பிடித்து அனுப்பியவள் மரீக்கா. பகலில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை. கடை சாத்தினால் போராட்டம். மென்பொருளுக்குக் காப்புரிமை கூடாது என்று கிளம்பிய நூற்றுச் சொச்சம் பேரில் ஒருத்தி. அங்கே கோழி வளர்ப்பவர்களுக்கு இலவசமாக ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தவருக்கும் ஹெனோவா இதே நோட்டீஸை நீட்டியிருந்தது. ‘ஐரோப்பிய நாடாளுமன்றக் குழுவில் ஒரு புதிய சட்டம் நிற்கிறது. அதில் பதினான்காம் பிரிவு நிறைவேறினால், கணக்குப் போடும் வழியைக்கூட ஒரு கம்பெனி தன் சொத்தாக எழுதிக்கொள்ளலாம். அந்தப் பிரிவு எவ்வளவு நல்லது என்று சொல்ல அவர்கள் அழைத்து வரும் சாட்சி உங்கள் ஊர்க்காரர். பெயர் ஜெயபிரகாஷ். தெரியுமா?’

தெரியுமாவா?

அன்றைக்கே உட்கார்ந்து குழு உறுப்பினர்கள் இருபத்தைந்து பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினாள். பதில் வராதவர்களுக்கு மறுபடியும். மறுபடியும். அங்கே மரீக்காவின் ஆட்கள் உறுப்பினர்களின் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். ஒரு நாள் ஒவ்வொரு மேசையிலும் ஓர் அவித்த முட்டை வைத்தார்கள். ஓட்டின் மேல் சிவப்பு மையில் ஒரே கேள்வி: ‘இந்த முட்டையின் கணக்கு யாருடையது?’ அதன் பிறகுதான் காணொளி வழியாக எதிர்த்தரப்புக்கும் ஐந்து நிமிடம் தருவதாகக் குழு ஒப்புக்கொண்டது.

அந்த ஐந்து நிமிடம் இன்றைக்கு. அங்கே காலை பத்து. இங்கே மதியம் இரண்டரை.

இன்று காலை மரீக்கா போனில் அழாத குறை. “பிரியா, நேற்று மாலை ஹெனோவாக்காரர்கள் எழுத்தில் பதில் கொடுத்துவிட்டார்கள். பதினைந்து நாள் விஷயத்துக்கு!”

பதினைந்து நாள் விஷயம்தான் பிரியாவுக்கும் மரீக்காவுக்கும் துருப்புச் சீட்டாக இருந்தது. காப்புரிமைப் பத்திரத்தின் பத்தொன்பதாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. மார்ச் கடைசியில் பதினைந்து நாள் முட்டை விற்பனை மூன்றில் ஒரு பங்காகச் சரியும் என்று அது சொல்கிறது. ஏன் சரியும்? எருமப்பட்டியை ஒட்டிய ஐந்து ஊர்களும் சேர்ந்து மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், பதினைந்து நாள் யாரும் கறி, மீன், முட்டை தொடமாட்டார்கள். அதனால் சரியும். அப்பாவின் விற்பனையிலிருந்து இளவழகன் அதை அப்படியே எடுத்து மென்பொருளில் போட்டிருந்தான். ஜெயபிரகாஷ் அதை அப்படியே எடுத்துப் பத்திரத்தில் போட்டுவிட்டான். நகரத்துக்காரன். அது என்னவென்றே அவனுக்குத் தெரியாது.

“அது ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலமாம்,” என்றாள் மரீக்கா. “ஐரோப்பாவிலும் அப்போது விரதம் இருப்பவர்கள் உண்டு, இதில் உங்கள் கிராமம் எங்கே வந்தது என்று கேட்கிறார்கள். உறுப்பினர்கள் தலையாட்டுகிறார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு நிற்கிறது. ஒரே ஒருவர் பாக்கி. ஃபின்லாந்துக்காரர், பழைய நீதிபதி. அவர் பேப்பர் இல்லாமல் எதையும் நம்பமாட்டார்.”

போனை வைத்துவிட்டு அட்டவணையை வெறித்தாள் பிரியா. ஆயிரம் தடவை பார்த்த அட்டவணை. மூன்று வரி. 2015, சரிவு அறுபத்தாறு சதவீதம். 2017, சரிவு அறுபத்து நான்கு. நடுவில் 2016.

சரிவு, பூஜ்ஜியம்.

அவளுக்குச் சிலிர்த்தது. 2016இல் அவள் கோவையில் விடுதியில் இருந்தாள். அதனால்தான் இத்தனை நாளும் உறைக்கவில்லை. அந்த வருஷம் ஊரில் காப்பே கட்டவில்லை! கோயில் பெட்டியில் முதலில் சாவி போடுவது யார் என்று சின்னண்ணன் வகையறாவும் சென்னிமலை வகையறாவும் கைகலந்து, தாசில்தார் வந்து சமாதானம் பேசி, இந்த வருஷம் திருவிழாவே வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போனார். திருவிழா நடந்த வருஷங்களுக்கு அழைப்பிதழ் இருக்கிறது. நடக்காத வருஷத்துக்கு எவன் அழைப்பிதழ் அடிப்பான்? சாட்சி அந்த ஒரே காகிதம்தான். அசல், கோயில் பெட்டியில். பெட்டி வருஷத்துக்கு ஒருமுறை, காப்புக் கட்டும் செவ்வாய் அன்று, சாயங்காலம் பம்பை அடித்த பிறகுதான் திறக்கும்.

இன்று அந்தச் செவ்வாய்தான். ஆனால் சாயங்காலம் வரை ஐரோப்பா காத்திருக்காது.

அடுத்த சாவிக்காரர் சென்னிமலையின் கோழிப் பண்ணை வாசலில் ஸ்கூட்டரைச் சாய்த்தாள். உள்ளே போகிறவர்கள் காலை நனைக்க வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. செருப்போடு இறங்கி ஏறினாள்.

“ஆரது? காலை நனைச்சயா?” உள்ளேயிருந்து அதட்டல். சென்னிமலைக்கு எழுபது இருக்கும். ஒல்லி. குரல் மட்டும் லாரி ஹாரன்.

“நனைச்சனுங்க மாமா.”

“வாயில என்ன? எலும்பா? காப்பு நாளும் அதுவுமா!”

சாவியைக் கையில் துப்பினாள். சென்னிமலை குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

“இது சின்னண்ணன் சாவியல்ல?”

“ஆமாங்க. உங்க சாவியும் வேணுமுங்க. இப்பவே பெட்டியத் தொறக்கோணும்.”

“அவன் குடுத்துட்டானா? பம்பை அடிக்கறதுக்கு முன்னாலயா?”

“எங்கண்ணனுக்காகக் குடுத்தாருங்க.”

“நல்லாருக்குது! அவன் சாவி மொதல்ல வந்திருச்சு. என்றது ரெண்டாவதா வந்தா, சின்னண்ணன் பெரிய மனசுக்காரன், சென்னிமலை பின்னால வந்தவன்னு ஊரு பேசும். என்னால ஆகாது சாமி. சாயங்காலம் வா.”

கெஞ்சினால் வேலைக்காகாது. பிரியா மூச்சை இழுத்துவிட்டாள். “செரிங்க மாமா. ஃபேர்லேண்ட்ஸ்காரன் ஒருத்தன், நம்ம ஊர்க் காப்பக் கண்டுபுடிச்சதே அவன்தான்னு சீமையில எழுதிக் குடுத்துட்டான். அதைக் கேக்கலாம்னு பாத்தேன். வேண்டாமுங்க.”

திரும்பி நாலடி வைத்தாள். ஐந்தாவது அடிக்கு முன்னால் குரல் வந்தது.

“எதை?”

“நம்ம காப்பைங்க.”

“மாரியாத்தா காப்பயா?”

“அந்தப் பதினஞ்சு நாளு முட்டை ஓடாது பாருங்க, அந்தக் கணக்க. இனிமே நம்மாளு அந்தக் கணக்கப் போட்டாலும் அவன் நோட்டீஸ் உடுவான். அண்ணனுக்கு வந்துச்சே, அது மாதிரி.”

“எந்தக் கோயில் பூசாரி அவன்?”

“பூசாரி இல்லீங்க. கோட்டுப் போட்டவன்.”

“பதினஞ்சு நாளு கறி திங்காம இருந்தானா?”

“பிரியாணி தின்னுக்கிட்டேதான் எழுதியிருப்பானுங்க.”

சென்னிமலை சட்டையைத் தூக்கி அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தார்.

“வண்டிய எடு. ஆனா சாவிய உன்ற கையில தரமாட்டேன். என்ற கையால நானேதான் திருப்புவேன். அவன் பொளப்புல மண்ணு உழுவறத நானும் பாக்கோணும்.”

மக்காச்சோளக் காட்டு வளைவில் போன் அடித்தது. வெளிநாட்டு எண். மரீக்கா எண் அல்ல. ஸ்கூட்டரை நிறுத்தி, “ஒரு நிமிசம் மாமா,” என்று இருபதடி தள்ளிப் போய் எடுத்தாள்.

“நல்லாருக்கியா பிரியா?”

எட்டு வருஷமாக அவள் எண்ணை மாற்றவில்லை. ஒரு நாள் இவன் கூப்பிடுவான், நடுங்கும் குரலில் கூப்பிடுவான் என்பதற்காகவே. குரல் நடுங்கவில்லை. சிரித்தது.

“என்ன வேணும் ஜெயபிரகாஷ்?”

“அடேயப்பா, முழுப் பேரா? சரி. நான் இங்க பார்லிமென்ட் வராண்டாவுல காபி குடிச்சிட்டிருக்கேன். உன் பேரு பட்டியல்ல இருக்கு. பேசு, தாராளமா பேசு. காப்பு, மாரியம்மன், எல்லாம் சொல்லு. கடைசியில எங்க வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேப்பார். என்ன கேள்வின்னு உனக்குத் தெரியும். பதில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உங்க அண்ணன் பக்கத்துலதானே இருப்பார்?”

அவள் திரும்பி ஸ்கூட்டர் பக்கம் நின்ற சென்னிமலையைப் பார்த்தாள்.

“லைன் கிடைக்கலைன்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கோ. உன் நல்லதுக்குச் சொல்றேன்.”

“கேக்கச் சொல்லு,” என்று துண்டித்தாள்.

ஸ்கூட்டருக்கு வந்தபோது சென்னிமலை அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஆரு அம்மணி?”

“மண்ணு உழுவப் போற ஆளுங்க,” என்றாள்.

கோயில் மைதானத்தில் இளவழகனின் டாடா ஏஸ் தயாராக நின்றது. பின்பக்கம் முட்டை அட்டைகளை மார்பு உயரத்துக்கு அடுக்கி, மேலே மடிக்கணினியை வைத்திருந்தான். இணையத்துக்குத் தன் செல்போனைக் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். பந்தலுக்குள் பம்பைக்காரர்கள் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள்.

சின்னண்ணன் வந்து பிரியாவிடமிருந்து தன் சாவியை வாங்கிக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பருத்த உடம்பு, வெள்ளை மீசை. சென்னிமலையைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அம்மணி, அந்தாளச் சாவியப் போடச் சொல்லு,” என்றார்.

“அம்மணி, என்னைய மொதல்ல போடச் சொல்லிப் பெரிய மனசு காட்டற வேலையெல்லாம் நமக்கு வேண்டாம். அவரே போடட்டும்,” என்றார் சென்னிமலை.

“பாத்தயா! நான் உட்டுக் குடுத்தா அதையும் குத்தஞ் சொல்றான்!”

மணி இரண்டு பத்து. பத்து வருஷத்துக்கு முந்தைய சண்டை மறுபடியும் ஆரம்பமாகிறது. பிரியாவுக்கு அலறத் தோன்றியது.

இளவழகன் வண்டியிலிருந்து இறங்கி வந்தான். அதிகம் பேசாதவன். “மாமா, ரெண்டு பேரும் சாவிய ஓட்டைக்கு நேரா புடிங்க. நான் மூணு எண்ணுறேன். மூணுல உள்ள உட்டுத் திருப்புங்க.”

“மூணுன்னு ஆரம்பிக்கறப்பவா, சொல்லி முடிச்சப்பறமா?” சென்னிமலைக்குச் சந்தேகம்.

“முடிச்சப்பறமுங்க.”

ஒன்று. இரண்டு. மூன்று. இரண்டு பூட்டும் ஒரே நேரத்தில் கடக்கென்றன. இருவரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

மஞ்சள் துணிக்கும் வரவு நோட்டுகளுக்கும் அடியில் அது கிடந்தது. பழுப்பேறிய தாள். தாசில்தாரின் வட்ட முத்திரை. தேதி. ‘இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டபடி இந்த 2016ஆம் வருடம் காப்புக் கட்டுவதும் திருவிழா நடத்துவதும் இல்லை.’ கீழே கையெழுத்துகள்.

“இதையா காட்டப் போற?” சென்னிமலை எட்டிப் பார்த்தார். “அவன் கையெழுத்து மேல இருக்குது. என்றது கீழ கெடக்குது. சீமைக்காரன் என்ன நெனைப்பான்?”

“தலைகீழாப் புடிச்சா நீங்கதானுங்க மேல,” என்றான் இளவழகன்.

எட்டு வருஷத்தில் அண்ணன் ஒரு வேடிக்கை பேசி அவள் கேட்டதில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் வெளிச்சம் வந்திருந்தது.

“இது மட்டும் முடியட்டும் புள்ள. நாளைக்கே திருப்பூருக்கு ஒரு நடை போயிட்டு வாரேன். அந்த மோகன் வேலை செய்யற எடத்துல, நாலு பேர் முன்னால, என்ற சோத்தத் தின்னுட்டு என்னையவே வித்தவன் இவன்தான்னு சொல்லிப்போட்டு வாரேன். ஜெயபிரகாஷாவது வெளி ஆளு. இவன் கூடவே கெடந்தவன்.”

“செரிங்கண்ணா,” என்றாள். வேறு என்ன சொல்வது?

சென்னிமலை பம்பைக்காரர்களைப் பார்த்து ஹாரன் அடித்தார். “டேய், கொஞ்ச நேரம் கையக் கட்டுங்க! அம்மணி ஐரோப்பாவுக்குப் பேசுது!”

இரண்டு முப்பத்து நான்கு. திரையில் ஒரு பெரிய அரை வட்ட மண்டபம். தலைவி நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. சாட்சி மேசையில் ஜெயபிரகாஷ், கருநீலக் கோட்டு. எட்டு வருஷத்தில் கன்னம் கொழுத்திருந்தான். அவன் பக்கத்தில் ஹெனோவாவின் வக்கீல். பார்வையாளர் வரிசையில் சிவப்பு மூக்குக் கண்ணாடி போட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவள் மரீக்கா.

ஜெயபிரகாஷ் எழுந்து ஆங்கிலத்தில் உருகினான். “நான் இந்தியாவின் சிறிய ஊர்க்காரன். இந்த முறையின் ஒவ்வோர் எண்ணையும் நானே, என் மூளையால் உருவாக்கினேன். வேறு யாருடைய உழைப்பும் இதில் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். சட்டம் காப்பாற்றாவிட்டால் என்னைப் போன்ற ஏழைக் கண்டுபிடிப்பாளன் எங்கே போவான்?”

மூன்று மாடி ஏழை. பிரியா பல்லைக் கடித்தாள்.

அவள் பெயரை அழைத்தார்கள். மடிக்கணினிக்கு முன் நிமிர்ந்து நின்றாள். அவளும் ஆங்கிலத்தில்தான் பேசினாள். வகுப்பில் பேசுகிற மாதிரி, நிறுத்தி, தெளிவாக.

“உறுப்பினர்களுக்கு வணக்கம். ஒரே ஒரு கேள்வி. 2016ஆம் ஆண்டு ஐரோப்பாவில் தவக்காலம் வந்ததா?”

மண்டபத்தில் சலசலப்பு. ஓர் உறுப்பினர் சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியைத் தட்டினார். “வந்தது. நன்றாக நினைவிருக்கிறது. நாற்பது நாள் சாக்லேட்டை விட்டிருந்தேன்.”

“அப்படியானால் பத்தொன்பதாம் பக்கத்தைப் பாருங்கள். 2015இல் சரிவு அறுபத்தாறு. 2017இல் அறுபத்து நான்கு. நடுவில் 2016இல் பூஜ்ஜியம். உங்கள் தவக்காலத்தை அந்த வருஷம் யார் ரத்து செய்தார்கள்?”

தாள்கள் புரளும் சத்தம். இருபத்தைந்து பேரும் ஒரே பக்கத்துக்குத் தாவினார்கள்.

பிரியா காகிதத்தை உயர்த்தினாள். “எங்கள் ஊர்த் தவக்காலத்தை ரத்து செய்தவர் இந்த வட்டாட்சியர். முத்திரையைப் பாருங்கள். தேதியைப் பாருங்கள். இந்த இரண்டு பெரியவர்களும் அந்த வருஷம் சண்டை போட்டார்கள். அதனால் எங்கள் ஐந்து ஊரும் வழக்கம்போல முட்டை சாப்பிட்டது. அந்தப் பூஜ்ஜியம் என் அப்பாவின் முட்டை மண்டியிலிருந்து வந்தது. ஒரு சிற்றூரின் சண்டையைத் தன் கண்டுபிடிப்பு என்று உங்களிடம் விற்க வந்திருக்கிறார் இந்த மனிதர். இதற்குத்தான் உங்கள் பதினான்காம் பிரிவு காவல் நிற்கப் போகிறதா?”

சின்னண்ணன் ஒரு பக்கமும் சென்னிமலை மறு பக்கமுமாகத் திரைக்குள் தலையை நீட்டினார்கள். “நாந்தானுங்க மேல் கையெழுத்து,” என்றார் சின்னண்ணன், தமிழில். மொழிபெயர்ப்பாளர் திகைத்திருக்க வேண்டும். மண்டபம் கொல்லென்று சிரித்தது. மரீக்கா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

ஜெயபிரகாஷ் சிரிக்கவில்லை. கன்னத்துச் சதை தொங்கிப்போயிருந்தது. அதைத்தான் பார்க்க வேண்டும் என்று எட்டு வருஷம் காத்திருந்தாள் பிரியா. பார்த்தாள். இனித்தது.

வக்கீல் மெல்ல எழுந்தார். அவர் குரலில் பதற்றமே இல்லை.

“சுவையான கதை. எண்கள் அந்த ஊரிலிருந்து வந்தவை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? இவருடைய அண்ணனே என் கட்சிக்காரருக்கு மனமுவந்து கொடுத்திருக்கலாம், விற்றிருக்கலாம். எட்டு வருஷம் அவர் வாய் திறக்கவில்லையே! திருட்டு என்றால் எப்படித் திருடினார்? சேலத்தில் இருந்தவர் நாமக்கல் கடையின் கணினிக்குள் எப்படிப் புகுந்தார்? அந்த மென்பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? அம்மையாருக்குத் தெரிந்தால் சொல்லட்டும்.”

ஜெயபிரகாஷின் தலை நிமிர்ந்தது. நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டான்.

ஓரத்திலிருந்த ஃபின்லாந்துக்காரர் முதல் முறையாகப் பேனாவைக் கீழே வைத்தார். “எனக்கும் அது தேவை,” என்றார். “கொடுத்ததா, எடுத்ததா? நேரில் தெரிந்த சாட்சி இருந்தால் என் வாக்கு இங்கேயே முடிவாகிவிடும். வதந்தி என்றால் வேண்டாம்.”

“உங்களுக்கு முப்பது விநாடி இருக்கிறது,” என்றார் தலைவி.

முப்பது விநாடி.

‘தெரியாது’ என்று ஒரு சொல் போதும். அண்ணன் அண்ணனாகவே இருப்பான். இரண்டு கிழவர்களும் ஊரெல்லாம் பெருமை பேசுவார்கள். ஜெயபிரகாஷ் விமானம் ஏறி ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்குப் போவான். நாளைக்குத் திருப்பூரில் நாலு பேர் முன்னால் மோகன்குமார் திருடன் ஆவான்.

பக்கத்தில் இளவழகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். “மோகன் பேரச் சொல்லு புள்ள,” என்று கிசுகிசுத்தான். “என்ற கடையிலயே இருந்தவன்னு சொல்லு. பயப்படாத.”

இருபது விநாடி.

திரையில் ஜெயபிரகாஷ் அவளையே பார்த்தான். மிக லேசாகத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. அந்தத் தலையாட்டல் அவளுக்குப் பழக்கமானது. நாமக்கல் மலைக்கோட்டையின் நிழலில், இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் ஆறு மாதம் பார்த்த தலையாட்டல்.

இவன் எதை நம்பி எட்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கினான்? காப்புரிமைப் பத்திரத்தை நம்பியா? இல்லை. அவள் வெட்கத்தை நம்பி.

பத்து.

பிரியா காகிதத்தைச் சென்னிமலையின் கையில் கொடுத்தாள். அண்ணனை ஒருமுறை நேராகப் பார்த்தாள். பிறகு திரையில் இருந்தவனைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

“நேரில் தெரிந்த சாட்சி நான்தான். என்னைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்ன இந்த ஜெயபிரகாஷ், ஒரு நாள் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டதை நம்பி, என் அண்ணனுக்குத் தெரியாமல் அவர் மேசை இழுப்பறையிலிருந்து அந்த மென்பொருள் இருந்த பென் டிரைவை எடுத்துக்கொண்டு போய் இவர் உள்ளங்கையில் வைத்தது மோகன்குமார் அல்ல, நான்.”